பழைய பியூஜோ யு.ஓ.-8 ஃபிக்ஸட் கியராக மாறும்போது: ஒரு நிகழ்வு ஆய்வு

ஃபிக்ஸட் கியர் சைக்கிளில் ஃப்ரீவீல் (கால் நின்றாலும் பின்சக்கரத்தைத் தனியே சுழலவிடும் பல்சக்கரம்) கிடையாது. பின்சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழன்றுகொண்டேதான் இருக்கும். காலை நிறுத்திவிட்டு உருளவிட முடியாது. இந்த ஒரு வேறுபாட்டால் சைக்கிளின் ஒவ்வொரு உறுப்பும் இருபக்கச் சுமை தாங்க வேண்டியதாகிறது. முன்னோக்கி மிதிக்கும் விசை எப்போதும் உள்ளதுதான். வேகத்தைக் குறைக்கக் கால் பின்னோக்கி அழுத்தும் விசை புதிது. சாதாரண சாலை சைக்கிளின் பாகங்களில் பல, இந்தப் பின்விசையை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. மாற்றும்போது உடைபவை, கழல்பவை, தேய்பவை எல்லாம் அநேகமாக இந்த ஒரே காரணத்தால்தான்.

இங்கே எடுத்துக்கொண்டது 1970-களின் ஃபிரெஞ்சு சைக்கிளான பியூஜோ யு.ஓ.-8. அமெரிக்காவில் பத்து வேக சைக்கிள் மோகம் உச்சத்தில் இருந்த காலத்தில் ஏராளமாக விற்ற மாடல் இது. பழைய சைக்கிள் சந்தையில் இன்றும் கிடைக்கிறது. சாதாரண கார்பன் எஃகு ஃப்ரேம், 27 அங்குல எஃகு ரிம், மஃபாக் ரேசர் பிரேக், காட்டர் பின் (கிராங்கை அச்சோடு பிணைக்கும் ஆப்பு) அடித்த எஃகுக் கிராங்க் (பெடல் மாட்டும் கை), பிளாஸ்டிக் சிம்ப்ளெக்ஸ் டெரெய்லர் (கியர் மாற்றி). தேவை இது: பெரிய மேடுகள் இல்லாத நகரில் தினசரிப் பயணம், மழையிலும் ஓட வேண்டும், மட்கார்டு பொருத்த இடம் வேண்டும்.

ஏன் இந்த ஃப்ரேம்

ஃப்ரேமைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பின்சக்கர அச்சு உட்காரும் பிளவை. பிளவு கிடைமட்டமாகவோ சற்றுச் சாய்வாகவோ முன்பக்கம் திறந்திருந்தால் சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்திச் செயினை இறுக்கலாம். 1990-களுக்குப் பிறகு வந்த பெரும்பாலான சாலை சைக்கிள்களில் பிளவு செங்குத்தாக இருக்கும். அதில் அச்சு ஒரே இடத்தில்தான் நிற்கும், செயின் இறுக்கத்தைச் சரிசெய்ய வழியில்லை. ஸ்பிரிங் வைத்த செயின் டென்ஷனர் போட்டுச் சமாளிக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். ஒற்றை ஃப்ரீவீலுக்கு அது சரி, ஃபிக்ஸட் கியருக்கு ஒருபோதும் ஆகாது. பின்னோக்கி அழுத்தும்போது செயினின் கீழ்ப்பாதி விறைத்து, டென்ஷனர் கையை வளைத்துவிடும் அல்லது முறித்துவிடும். செங்குத்துப் பிளவு ஃப்ரேம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுவதே நல்லது.

யு.ஓ.-8-இல் நீளமான கிடைமட்டப் பிளவு இருக்கிறது. அடுத்த வசதி அகலம். ஐந்து பல்சக்கர ஃப்ரீவீலுக்காகச் செய்த ஃப்ரேம் என்பதால் பின்புற உள் அகலம் சுமார் 120 மிமீ; டிராக் ஹப்பின் (பந்தயத்தட சைக்கிளுக்கான ஃபிக்ஸட் பின்சக்கரத்தின் நடு உருளை) அகலமும் அதேதான். 1980-களின் ஆறு, ஏழு வேக ஃப்ரேம்களில் இது 126 மிமீ. அவற்றுக்கு அச்சின் இருபுறமும் 3 மிமீ வாஷர் போட வேண்டும், அல்லது எஃகு ஃப்ரேமைக் குளிர்நிலையிலேயே நெருக்க வேண்டும். இங்கே அந்த வேலை இல்லை. அளந்தால் சில ஃப்ரேம்களில் 122, 123 மிமீ வரும். அச்சு நட்டை இறுக்கினாலே அது நெருங்கிவிடும். மனம் ஒப்பவில்லை என்றால் இருபக்கமும் சமமாக மெல்லிய வாஷர் போடலாம். ஒரே பக்கம் போட்டால் செயின் நேர்கோடு கெடும்.

வாங்கும் முன் ஒரு நூலால் ஃப்ரேமின் நேர்மையைப் பார்த்துவிட வேண்டும். ஒரு பின் பிளவில் கட்டி, முன்னால் ஹெட் ட்யூபை (ஃபோர்க் நுழையும் முன்குழாய்) சுற்றி, மறு பிளவில் கொண்டுவந்து கட்டவும். நூலுக்கும் இருக்கைக் குழாய்க்கும் உள்ள இடைவெளியை இருபக்கமும் அளக்கவும். வித்தியாசம் 2 மிமீ-க்கு மேல் இருந்தால் வேறு ஃப்ரேம் பார்க்கலாம். முன் விபத்தில் அடிபட்டிருந்தால் ஹெட் ட்யூபுக்குப் பின்னால் கீழ்க்குழாயின் அடியில் பெயின்ட் சுருங்கியோ புடைத்தோ இருக்கும்; விரலால் தடவினாலே தெரியும்.

பின் ஹப்: பணம் போக வேண்டிய இடம்

பழைய பின்சக்கரத்தில் இருக்கும் ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு, அதே மரையில் ஃபிக்ஸட் பல்சக்கரத்தைத் திருகி, மேலே பாட்டம் பிராக்கெட்டின் (கிராங்க் அச்சு சுழலும் இடம்) லாக் ரிங் (பூட்டு வளையம்) ஒன்றைப் போட்டு இறுக்குவது பரவலாக நடக்கிறது. செலவே இல்லாத வழி என்பதுதான் கவர்ச்சி. இதைச் செய்யவே கூடாது.

காரணம் மரையின் திசை. முறையான டிராக் ஹப்பில் இரண்டு படி மரை உண்டு. பல்சக்கரம் அமரும் பெரிய படி வலமரை (வலஞ்சுழியாகத் திருப்பினால் இறுகுவது), 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 புரி. அதற்கு வெளியே சற்றுச் சிறிய படி இடமரை, 1.29 அங்குலம், அதுவும் 24 புரி. லாக் ரிங் அதில் ஏறும். கால் பின்னோக்கி அழுத்தும்போது பல்சக்கரம் கழலும் திசையில் திரும்பப் பார்க்கும். லாக் ரிங் இடமரை என்பதால் அதே திருப்பம் அதை மேலும் இறுக்கும். ஃப்ரீவீல் ஹப்பில் இந்த இரண்டாம் படி கிடையாது. அதில் போடும் லாக் ரிங்கும் வலமரைதான், எனவே இரண்டும் சேர்ந்தே கழலும். அது கழலும் நொடி எப்போதுமே வேகத்தைக் குறைக்க வேண்டிய நொடியாக இருக்கும்.

யு.ஓ.-8-க்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய ஃபிரெஞ்சு ஹப்பின் ஃப்ரீவீல் மரை 34.7 மிமீ, 1 மிமீ புரி. இன்று கடையில் வரும் பல்சக்கரம் ஏறத்தாழ 34.8 மிமீ, 1.058 மிமீ புரி. இரண்டு மூன்று சுற்று சரியாக ஏறுவதுபோல இருக்கும், பிறகு அலுமினிய மரையை அறுத்துக்கொண்டு போகும். இறுகிவிட்டது என்று கைக்குத் தோன்றுவது உண்மையில் மரை நசுங்குவதுதான்.

எனவே பின்சக்கரம் புதிது: 120 மிமீ, நட்டு வைத்த திட அச்சு, ஒருபக்கம் ஃபிக்ஸட், மறுபக்கம் ஃப்ரீவீல் மரை உள்ள ஃப்ளிப்-ஃப்ளாப் ஹப், 36 ஸ்போக், 700சி அலுமினிய ரிம். டிராக் ஹப்பில் இருபக்க ஸ்போக்கும் ஏறத்தாழ ஒரே சாய்வில் இருப்பதால் இறுக்கமும் சமமாக இருக்கும். பல வேகச் சக்கரத்தைவிட இது உறுதியானது, கோட்டம் எடுக்க வேண்டிய வேலையும் குறைவு.

பல்சக்கரம் பொருத்தும் முறையில் அவசரம் கூடாது. இரு மரையையும் துடைத்து கிரீஸ் தடவவும். மரைப் பசை தேவையில்லை. பல்சக்கரத்தைக் கையால் ஏற்றி, செயின் விப் (செயின் துண்டு மாட்டிய கைப்பிடி) வைத்து முழு பலத்தில் இறுக்கவும். லாக் ரிங்கை அதற்குரிய கொக்கி ஸ்பானரால் இடப்பக்கம் திருப்பி இறுக்கவும். பிறகு சைக்கிளை எடுத்து, முன் பிரேக்கை மட்டும் பயன்படுத்தி, பின்னோக்கி அழுத்தாமல், ஒரு மேட்டில் நன்றாக மிதித்து ஏறவும். உடல் எடை தரும் இறுக்கம் எந்த ஸ்பானரும் தராது. பல்சக்கரம் இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருக்கும், லாக் ரிங்குக்கு அங்கே இடைவெளி உண்டாகியிருக்கும். உடனே லாக் ரிங்கை மறுபடி இறுக்கவும். இந்தப் படியைத் தவிர்த்த சைக்கிள்களில்தான் பல்சக்கரம் முன்னும் பின்னும் இம்மியளவு ஆடி, ஆடி, சில வாரங்களில் லாக் ரிங் மரையைத் தின்றுவிடும். நின்ற இடத்தில் பெடலை முன்னும் பின்னும் தட்டும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டால் ஓட்டுவதை நிறுத்திப் பார்க்க வேண்டிய முதல் இடம் இதுவே.

700சி போட்டால் என்னென்ன நகர்கிறது

27 அங்குல ரிம்மின் விட்டம் 630 மிமீ, 700சி ரிம்முக்கு 622 மிமீ. டிராக் ஹப்போடு 27 அங்குலச் சக்கரம் கிடைப்பது அரிது என்பதால் 700சி-க்குப் போகிறோம். பிரேக் கட்டை 4 மிமீ கீழே இறங்க வேண்டும். மஃபாக் ரேசரின் கையில் அதற்கு இடமிருக்கிறது.

பலரும் கவனிக்காதது பெடலின் உயரம். 27×1¼ டயரோடு சக்கர ஆரம் சுமார் 347 மிமீ. 700×28 போட்டால் 339. ஃப்ரேம் முழுவதுமே 8 மிமீ தாழ்கிறது. சாதாரண சைக்கிளில் இது பெரிதில்லை, வளைவில் உட்பக்கப் பெடலை மேலே நிறுத்திக்கொள்ளலாம். ஃபிக்ஸடில் அது முடியாது. வளைவில் சாயும்போதும் பெடல் கீழே வந்தே தீரும். தரையில் இடித்தால் பின்சக்கரம் துள்ளி விலகும். அதனால் 700×32 டயர்: ஆரம் 343, இழப்பு 4 மிமீ-யாகக் குறைகிறது. 170 மிமீ கிராங்குக்குப் பதில் 165 மிமீ போட்டால் பெடல் 5 மிமீ மேலே வருகிறது. கூட்டிக் கழித்தால் பழைய நிலையைவிட 1 மிமீ கூடுதல். பியூஜோ 27×1¼ டயருக்காகச் செய்த ஃப்ரேம் ஆதலால் 32 மிமீ டயரும் மட்கார்டும் தாராளமாக நுழையும். அப்படியும் டிராக் ஃப்ரேமின் உயரம் இதற்கு வராது. கூர்மையான திருப்பங்களை இதில் சாய்ந்து எடுக்க முயல வேண்டாம்.

பாட்டம் பிராக்கெட்டும் கிராங்கும்

காட்டர் பின் கிராங்கை அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி எழும். சாதாரண மிதியில் பின் ஒரே திசையில் அழுத்தப்படுகிறது. ஃபிக்ஸடில் அதே பின் நாள் முழுவதும் மாறி மாறி இருபக்கமும் இடிபடும், விரைவில் தளரும். தளர்ந்த பின்னோடு ஓட்டினால் கிராங்கின் துளையே நீள்வட்டமாகிவிடும். சதுர முனை அச்சுக்கு மாறுவதே வழி.

இங்கே ஃபிரெஞ்சு மரை குறுக்கே வருகிறது. பாட்டம் பிராக்கெட்டின் இருபக்கமும் திருகியிருக்கும் பேரிங் கிண்ணத்தின் முகத்தில் 35×1 (35 மிமீ விட்டம், 1 மிமீ புரி) என்று பொறித்திருக்கும். ஆங்கிலேய மரையில் வலப்பக்கக் கிண்ணம் இடமரை. ஃபிரெஞ்சு மரையில் இருபக்கமும் வலமரை. ஆங்கிலேய சைக்கிள்களில் பழகிய கை வலப்பக்கக் கிண்ணத்தைக் கழற்றுவதாக நினைத்து இன்னும் இறுக்கிக்கொண்டே போகும், பட்டை வழுக்கி மழுங்கும். இதில் வலக் கிண்ணமும் இடஞ்சுழியாகத்தான் கழலும். பல பத்தாண்டுத் துருவுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓரிரவு வைக்கவும். ஸ்பானர் வழுக்காமலிருக்க, கிண்ணத்தின் துளை வழியாக ஒரு நீண்ட போல்ட்டும் தடித்த வாஷர்களும் போட்டு ஸ்பானரைக் கிண்ணத்தோடு சேர்த்து இறுக்கிவிட்டுத் திருப்பவும். இந்த ஒரு ஏற்பாடு பல கிண்ணங்களைக் காப்பாற்றியிருக்கிறது. பிற்காலப் பியூஜோக்கள் சிலவற்றில் சுவிஸ் மரை வரும்: அதே 35×1, ஆனால் வலக் கிண்ணம் இடமரை. அதனால் பொறிப்பை மட்டும் நம்பாமல், ஒரு திசையில் அசையவில்லை என்றால் மறுதிசையில் மெல்லச் சோதிக்க வேண்டும்.

புதிய அச்சுக்கு இரண்டு வழி. பழைய கிண்ணங்களில் குழி விழாமல் இருந்தால் அவற்றையே வைத்துக்கொண்டு சதுர முனை அச்சும் புதிய பால்ஸும் போடலாம். இல்லையென்றால் ஃபிரெஞ்சு மரை வளையத்தோடு வரும் சீல்டு கார்ட்ரிட்ஜ் (அச்சும் பேரிங்கும் ஒன்றாக அடைத்து வரும் பாகம்) வாங்கலாம். ஃபில் வுட் நிறுவனம் இத்தகைய வளையங்களைச் செய்கிறது. ஃபிரெஞ்சு மரையில் வலக் கிண்ணம் ஓட்டத்தில் தானாகக் கழலும் இயல்புடையது. தயங்காமல் பலமாக இறுக்கவும்.

கிராங்குக்கு சுகினோ ஆர்.டி.2, 165 மிமீ. இதற்கு 103 மிமீ நீள அச்சு. அப்போது செயின் வீல் (கிராங்கோடு சுழலும் முன் பல்சக்கரம்) ஃப்ரேமின் நடுக்கோட்டிலிருந்து 42 மிமீ தள்ளி நிற்கும், டிராக் ஹப்பின் பல்சக்கரமும் அதே 42 மிமீ. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 1 மிமீ-க்குள் இருக்க வேண்டும். அச்சின் சதுர முனையில் ஜப்பானிய அளவு, ஐஎஸ்ஓ அளவு என்று இரண்டு உண்டு. ஜப்பானியக் கிராங்குக்கு ஐஎஸ்ஓ அச்சைப் போட்டால் கிராங்க் அளவுக்கு மீறி உள்ளே ஏறி, 42 என்ற கணக்கே குலைந்துவிடும். செயின் வீலுக்கும் செயின் ஸ்டேவுக்கும் (பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பின்சக்கர அச்சுக்குப் போகும் குழாய்) நடுவே 3 மிமீ-யாவது இருக்கிறதா என்று இறுக்கிய பிறகு பார்க்கவும். பழைய ஃபிரெஞ்சுப் பெடல்களின் மரை 14×1.25 மிமீ, புதிய கிராங்கில் அவற்றை வலிந்து ஏற்ற வேண்டாம். பெடலில் பாதத்தைப் பிடித்துவைக்கும் டோ கிளிப்பும் ஸ்ட்ராப்பும் அவசியம், ஏன் என்பது கியர் கணக்கில் தெரியும்.

44×17

நகருக்கு 44 பல் செயின் வீலும் 17 பல் பல்சக்கரமும் போட்டோம். 700×32 டயரின் சுற்றளவு சுமார் 2.155 மீட்டர், பெடல் ஒரு சுற்றுக்கு 5.58 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்றில் மணிக்கு 20 கி.மீ., 90-இல் 30, 120-இல் 40. இறக்கத்தில் 40 கி.மீ. என்றால் கால் 120 சுற்று சுழல வேண்டும், விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அந்த வேகத்தில் கிளிப் இல்லாத கால் பெடலிலிருந்து நழுவினால், சுழலும் பெடல் கணுக்காலிலோ ஆடுதசையிலோ அடிக்கும். மறுபடி காலை அதில் வைக்கவும் முடியாது.

48×16 கடைகளில் அதிகம் விற்கும் சேர்க்கை. புதியவர்களுக்கு அது கனம், டயருக்கும் கெடுதல். வேகத்தைக் குறைக்கக் காலால் பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கும்போது டயர் எத்தனை இடங்களில் தேயும் என்பதை இரண்டு எண்ணையும் சுருக்கினால் அறியலாம். 48/16 சுருங்கினால் 3/1. ஒரே காலை முன்வைத்துச் சறுக்கினால் ஒவ்வொரு முறையும் டயரின் அதே ஓரிடம்தான் தேயும். 44/17 சுருங்காது, தேய்மானம் 17 இடங்களுக்குப் பரவும். கீழே உள்ள எண் பகா எண்ணாக இருப்பது நல்லது என்பதற்கு இதுவே காரணம்.

செயின் ⅛ அங்குல அகலம். அது ³⁄₃₂ அங்குலப் பல்லிலும் ஓடும். ³⁄₃₂ செயின் ⅛ பல்லில் உட்காராது. கிராங்க் அச்சிலிருந்து பின்சக்கர அச்சுக்கு 440 மிமீ என்று கொண்டால் 100 கண்ணி வரும். இரண்டு கண்ணி கூட்டினால் சக்கரம் 12.7 மிமீ பின்னே போகும், ஒரு பல் கூட்டினால் ஏறத்தாழ 3 மிமீ முன்னே வரும். அச்சு பிளவின் நடுவில் நிற்கும்படி வைத்தால் செயின் நீளும்போது பின்னே தள்ள இடம் மிஞ்சும்.

இறுக்கம் பார்ப்பதில்தான் கைத்திறன். எந்தச் செயின் வீலும் துல்லியமான வட்டமல்ல. கிராங்கை மெல்லச் சுற்றினால் ஓரிடத்தில் செயின் விறைக்கும், எதிர்ப்புறம் தொய்யும். செயின் வீலின் ஐந்து போல்ட்டுகளையும் அரைவாசி தளர்த்தவும். விறைக்கும் இடத்துக்கு வந்ததும் செயினின் நடுவில் ஒரு சிறு சுத்தியல் பிடியால் லேசாகத் தட்டவும். செயின் வீல் இம்மியளவு நகரும். மறுபடி சுற்றவும், தட்டவும். விறைப்பும் தொய்வும் சமமாகி வந்ததும் போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்கவும். பிறகு, மிக விறைப்பான இடத்தில் செயின் நடுவே மேலும் கீழுமாக 10-12 மிமீ அசைய வேண்டும். அசைவே இல்லாமல் இறுக்கினால் பேரிங் அரைபடும், சக்கரம் முனகும். தொய்வு அதிகமானால் செயின் கழன்று பல்சக்கரத்துக்கும் ஸ்போக்குக்கும் நடுவே விழும். சாதாரண சைக்கிளில் அதனால் கையில் கரி படிவதோடு சரி. ஃபிக்ஸடில் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

அச்சு நட்டுகளை இறுக்கும்போது டயரின் முன்பகுதியைச் செயின் ஸ்டேக்களுக்கு நடுவில் பிடித்தபடி வலப்பக்கம் முதலில், பின் இடப்பக்கம். பிளவு முன்பக்கம் திறந்திருப்பதால் மிதிவிசை வலப்பக்க அச்சை முன்னால் இழுக்கும். நட்டு தளர்வாக இருந்தால் சக்கரம் சாய்ந்து டயர் இடது செயின் ஸ்டேயில் உரசும். வாஷரோடு கூடிய, பல் வெட்டிய எஃகு நட்டுகள் இதற்குப் போதும்.

முன் பிரேக் கட்டாயம்

ஃபிக்ஸட் கியரில் கால்தான் பிரேக், வேறெதுவும் வேண்டாம் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. கணக்கைப் பார்ப்போம். நிறுத்தும்போது எடை முன்னால் பாய்கிறது, பின்சக்கரம் இலேசாகிப் பிடிப்பை இழக்கிறது. பின்சக்கரத்தால் மட்டும் நிறுத்தினால் கிடைப்பது புவியீர்ப்பின் நான்கில் ஒரு பங்கு அளவு வேகக்குறைப்பு. நல்ல முன் பிரேக்கில் பாதிப் பங்கை எளிதில் எட்டலாம். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் முதலாவதற்குச் சுமார் 10 மீட்டர், இரண்டாவதற்கு 5 மீட்டர். சறுக்குவது பார்க்க வேகமாக நிற்பதுபோலத் தெரியும், ஆனால் சறுக்கும் டயர் நீண்ட தூரம் போகும். செயின் அறுந்தாலோ கழன்றாலோ அந்தக் கால் பிரேக்கும் இல்லை.

2006-இல் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் போர்ட்லாந்தில் பிரேக் இல்லாத ஃபிக்ஸட் ஓட்டுநருக்கு விதித்த அபராதத்தை நீதிமன்றம் உறுதிசெய்தது. ஃபிக்ஸட் கியர் பிரேக் ஆகாது என்பது தீர்ப்பு. பிரிட்டனில் 1983 விதிகளின்படி ஃபிக்ஸட் சைக்கிளுக்கு முன் பிரேக் கட்டாயம். 2016-இல் லண்டனின் ஓல்டு ஸ்ட்ரீட்டில் முன் பிரேக் இல்லாத டிராக் சைக்கிள் மோதி, சாலையைக் கடந்த ஒரு பெண் உயிரிழந்தார். ஓட்டிய இளைஞர் கொலைக்குற்றமாகாத மரணம் என்ற குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டாலும், 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 18 மாதத் தண்டனை பெற்றார். ஒரு கேலிபரும் ஒரு கேபிளும்தான் அந்தச் சைக்கிளில் இல்லாதது.

யு.ஓ.-8-இல் மஃபாக் ரேசரை வைத்துக்கொள்ளலாம், நல்ல பிரேக். கேபிள், உறை, கட்டை மூன்றும் புதிது. பழைய எஃகு ரிம் மழையில் பிரேக் பிடிக்காது என்பதால் முன்சக்கரமும் அலுமினிய ரிம்மாக மாற வேண்டும். ஹேண்டில்பார் ஸ்டெம்மை (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் தண்டு) மாற்ற நினைப்பவர்கள் கவனிக்க: ஃபிரெஞ்சு ஃபோர்க்கின் உள்துளை 22.0 மிமீ, கடையில் வருவது 22.2. அடித்து ஏற்றினால் ஃபோர்க் குழாய் வீங்கும். பழைய ஸ்டெம் நன்றாக இருந்தால் விட்டுவிடவும். ஃப்ரீவீல் பக்கத்தையும் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் பின் பிரேக்கையும் கழற்ற வேண்டாம்.

ஓட்டத் தொடங்கிய பின்

முதல் 50 கி.மீ.-க்குப் பிறகு கிராங்க் போல்ட், லாக் ரிங், அச்சு நட்டு, செயின் வீல் போல்ட் அனைத்தையும் மறுபடி இறுக்கிப் பார்க்கவும். புதுச் செயின் முதல் சில நூறு கி.மீ.-இல் கொஞ்சம் தளரும், சக்கரத்தைப் பின்னே தள்ளி இறுக்கவும். பஞ்சருக்குச் சக்கரத்தைக் கழற்ற 15 மிமீ ஸ்பானர் எப்போதும் பையில் இருக்க வேண்டும்.

செயின் துடைக்கும்போது சக்கரத்தைச் சுழலவிட்டுத் துணியைப் பிடிக்கவே கூடாது. ஃப்ரீவீல் சைக்கிளில் துணி சிக்கினால் கிராங்க் நின்றுவிடும். ஃபிக்ஸடில் சுழலும் பின்சக்கரத்தின் உந்தம் முழுவதும் செயின் வழியாக வந்து, துணியோடு விரலையும் பல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். விரல் துண்டான விபத்துகள் பெரும்பாலும் சாலையில் அல்ல, இப்படி ஸ்டாண்டில் நிறுத்திச் சுத்தம் செய்யும்போது நடந்தவை. சக்கரம் முழுவதும் நின்ற பிறகு, ஒரு சாண் நீளம் துடைத்து, கையை எடுத்து, கிராங்கைத் திருப்பி, நின்றதும் அடுத்த சாண். எண்ணெயும் அப்படியே, நின்ற செயினின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி.